களைப்பைச் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களா?

கேள்வி: எனக்கு 49 வயது. முள்ளியவளையில் முன்பள்ளி ஆசிரியை. போன வருடம் இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு சிவப்பு மருந்து நாலு தரம், அதற்குப் பிறகு வேறு கீமோ, தெல்லிப்பழையில் 15 நாள் கதிர்ச் சிகிச்சை. என்னுடையது ஹெர்2 பொசிற்றிவ் என்றபடியால் மூன்று கிழமைக்கு ஒரு தரம் ஹெர்செப்டின் ஏற்றினார்கள். எட்டு முடிந்த பிறகு எடுத்த எக்கோவில் (இதய ஸ்கான்), முதலில் 62 ஆக இருந்த இதயத்தின் எண் 47க்கு வந்துவிட்டது. ஊசியை நிறுத்தி, எனலாப்ரில், கார்வெடிலோல் என்று இரண்டு குளிசை தந்து, நாலு கிழமையில் திரும்ப எக்கோ என்றார்கள். என் இதயம் பாதிக்கு மேல் போய்விட்டதா? ஊசி இல்லாவிட்டால் கான்சர் திரும்ப வராதா? உண்மையைச் சொன்னால், எக்கோவுக்கு ஒரு மாதம் முதலே படுத்தால் மூச்சு முட்டியது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த கிளினிக்கில் சுகம் என்று சொல்லிவிடலாமா? 2009 யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று இடது தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் இது என்று சிலர் சொல்கிறார்கள். மாமி மருதம்பட்டை அவித்துத் தருகிறார். வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்குப் பாற்செம்பு எடுப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறேன். போகலாமா?

பதில்: சகோதரி, மருதம்பட்டைக்கும் வற்றாப்பளைக்கும் பிறகு வருகிறேன். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்களே, சுகம் என்று சொல்லிவிடலாமா என்று, அதற்குத்தான் முதல் பதில். சொல்லாதீர்கள்.

உங்கள் ஊசியை நிறுத்தியது மூச்சு முட்டுகிற அந்தக் களைப்பு இல்லை, 47 என்ற அந்த எண். களைப்பை நீங்கள் மறைத்தாலும் எக்கோ மறைக்காது. மறைத்ததால் நடந்தது ஒன்றுதான்: குளிசை ஒரு மாதம் பிந்தித் தொடங்கியது. இந்த வகை இதயப் பலவீனத்துக்கு எவ்வளவு வேளைக்கு மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு அது திரும்பி வரும். திரும்பி வந்தால் ஊசியும் திரும்ப வரும். ஆகவே களைப்பைச் சொல்வதுதான் ஊசியைக் காப்பாற்றுகிற வழி. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் கிளினிக்கில் மார்புப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற பெண்களில் பலர் இதே கணக்கைத்தான் மனதில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வன்னிச் சனம் 'பரவாயில்லை' என்று சொல்லிப் பழகிய சனம். எவ்வளவோ தாங்கியவர்களுக்குப் படுக்கையில் கொஞ்சம் மூச்சு முட்டுவது ஒரு முறைப்பாடாகவே தெரிவதில்லை. கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டே "எப்படி இருக்கு?" என்பார். நீங்கள் "பரவாயில்லை டொக்டர்" என்பீர்கள். அதோடு கதை முடிந்துவிடும். அந்தச் சொல்லை இனிமேல் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: முந்தி ஒரு தலையணையோடு படுத்தேன், இப்போது இரண்டு வேண்டும். இரவில் மூச்சு முட்டி எழும்பி இருந்தேன், கிழமையில் இத்தனை தரம். வீட்டிலிருந்து முன்பள்ளிக்கு நடக்கும்போது முந்தி நிற்காமல் போவேன், இப்போது இந்த இடத்தில் நிற்கிறேன். கால் வீங்குகிறது, விரலால் அமத்தினால் பள்ளம் விழுகிறது. இப்படி நாலு வரியைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினாலும் சரி. களைப்பு என்ற ஒற்றைச் சொல்லைவிட எங்களுக்கு இது பத்து மடங்கு உதவும்.

சரி, 47 என்றால் என்ன? பரீட்சைப் புள்ளி மாதிரி நூற்றுக்கு 47 என்று நினைத்துவிட்டீர்கள் போல. அப்படி இல்லை. இதயத்தின் இடது கீழறை நிரம்பி நிற்கும்போது அதில் இருக்கிற இரத்தத்தில், ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை வீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் இந்த எண். எந்த ஆரோக்கியமான இதயமும் நூறு வீதத்தையும் தள்ளுவதில்லை. சாதாரணமாக 55இலிருந்து 70 வரை இருக்கும். ஆகவே நீங்கள் இறங்கியிருப்பது நூறிலிருந்து இல்லை, 62இலிருந்து. இது கவனிக்க வேண்டிய இறக்கம், அதை நான் சின்னதாக்கவில்லை. 50க்குக் கீழே போவதும், முன்னையதைவிடப் 10 புள்ளிக்கு மேல் குறைவதும் சேர்ந்து வந்தால் நாங்கள் உசாராகிவிடுவோம். உங்களுக்கு இரண்டும் வந்திருக்கிறது. அதனால் உங்கள் வைத்தியர்கள் செய்தது சரியான காரியம். ஆனால் இதயம் பாதிக்கு மேல் போய்விட்டது என்பது சரியில்லை.

இந்த எண்ணே எடுக்கிற ஆளையும் மெசினையும் பொறுத்து ஐந்து புள்ளிக்குக் கூடக் குறைய வரக்கூடியது. அதனால் அடுத்த எக்கோவையும் முடிந்தால் முதல் எடுத்த இடத்திலேயே எடுங்கள். பழைய ரிப்போர்ட் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். 47 அடுத்த முறை 50 என்று வந்தால் துள்ளவும் வேண்டாம், 45 என்று வந்தால் இடிந்துபோகவும் வேண்டாம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பி ஆளுக்கொரு விளக்கம் வாங்குவதையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். பாதிப் பயம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நீங்கள் எடுத்த மருந்துகளில் இரண்டு இதயத்தோடு சம்பந்தப்பட்டவை. ஒன்று சிவப்பு மருந்து, பெயர் டொக்சோரூபிசின். ஏற்றிய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனது ஞாபகம் இருக்கும். அது இதயத் தசையின் கலங்களையே தாக்கக்கூடியது. எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்துக் கூடும். அதனால்தான் மொத்த அளவுக்கு ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டாமல் கொடுக்கிறோம். வழமையாக மார்புப் புற்றுநோய்க்கு நாலு தரம் கொடுக்கிற அளவு அந்த எல்லையில் பாதியளவுதான். மற்றது ஹெர்செப்டின், மருந்தின் பெயர் ட்ராஸ்டுசுமாப். இது ஹெர்2 என்கிற புரதத்தைத் தடுத்துப் புற்றுக் கலங்களை அடக்குகிறது. அதே ஹெர்2 இதயத் தசையிலும் இருக்கிறது. அங்கே அதன் வேலை, கஷ்டப்பட்ட கலங்கள் தங்களைத் தாங்களே சரிப்படுத்திக்கொள்ள உதவுவது. சிவப்பு மருந்தால் களைத்த இதயத்துக்கு இந்த உதவியும் கொஞ்ச நாள் தடைப்பட்டால், இதயம் சோர்ந்துபோகும். பெரும்பாலும் இது கலம் செத்துப்போவதால் வருகிற பலவீனம் இல்லை. மருந்தை நிறுத்தி, இதயத்துக்குரிய குளிசைகளைக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ அது ஏறி வருகிறது. கதிர்ச் சிகிச்சையை இதில் சேர்க்காதீர்கள். இடது பக்கக் கதிர் இதயத்தில் ஏதும் செய்தால் அது பெரும்பாலும் பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். இப்போதெல்லாம் இதயத்தில் இயன்றளவு படாமல்தான் திட்டம் போடுகிறார்கள்.

அடுத்தது, இரவில் உங்களைத் தூங்கவிடாத கேள்வி. ஊசி நின்றால் கான்சர் திரும்ப வராதா? ஹெர்செப்டினை ஒரு வருடம் கொடுப்பதுதான் வழமை. நீங்கள் எட்டு ஊசி எடுத்திருக்கிறீர்கள், அதாவது ஆறு மாதத்துக்குக் கிட்ட. பிரித்தானியாவில் 4,000க்கு மேற்பட்ட பெண்களிடம் ஆறு மாதத்தையும் பன்னிரண்டு மாதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாலு வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் 89 வீதத்துக்கு மேல். ஆறு மாதம் எடுத்தவர்களுக்கு இதயத் தொல்லையும் குறைவு. இதே கேள்வியைப் பார்த்த வேறு ஆய்வுகள் இவ்வளவு தெளிவாகச் சொல்லாததால் ஒரு வருடம் என்ற வழமை இன்னும் மாறவில்லை. ஆகவே ஆறு மாதம் போதும் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் ஏற்றிய எட்டும் வீண்போகவில்லை, ஒரு மாத இடைவெளி எல்லாவற்றையும் அழித்துவிடாது. அதை மட்டும் நம்பி இரவில் தூங்குங்கள்.

திரும்பத் தொடங்கும்போது முதல் தரம் ஏற்றிய மாதிரிக் கூடிய அளவு ஏற்றுவார்கள். இடைவெளி நீண்டால் அப்படித்தான் செய்ய வேண்டும். நிறுத்தின மருந்தைக் கூட்டி ஏத்துறாங்களே என்று அன்றைக்குப் பயந்துவிடாதீர்கள். எண் 50ஐத் தொடாமல் நாற்பதுகளின் மேல் பக்கத்திலேயே நின்றாலும், களைப்பு அடங்கியிருந்தால், இதயக் குளிசையின் துணையோடு, அடிக்கடி எக்கோ பார்த்து ஊசியைத் தொடர்வதும் உண்டு. அதைப் புற்றுநோய் வைத்தியரும் இதய வைத்தியரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். இருவரும் வேறு வேறு இடத்தில் இருந்தால் ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டுகிற வேலை உங்கள் தலையில்தான் விழும். நியாயமில்லை, ஆனாலும் இப்போதைக்கு அதுதான் நிலைமை. இரண்டு கிளினிக்கையும் ஒரே நாளில் போட முடியுமா என்று கிளினிக்கில் தாதி மிஸ்ஸிடம் கேட்டுப் பாருங்கள். முள்ளியவளையிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 வீதியில் ஏறினாலும், புதுக்குடியிருப்பால் பரந்தனுக்கு வந்து ஏறினாலும் ஒரு முழு நாள் போய்விடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

குளிசைகள் இரண்டும் பிரஷருக்கும் கொடுக்கிற குளிசைகள்தான். 'எனக்குப் பிரஷர் இல்லையே' என்று நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு அவை இதயத்தின் பாரத்தைக் குறைக்கத்தான் தரப்பட்டிருக்கின்றன. எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். இருமினால் சொல்லுங்கள், லொசார்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றலாம். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் அடுத்த வேளையைப் போடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கார்வெடிலோலைச் சாப்பாட்டோடு போடுங்கள், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். உங்களுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். முதல் கிழமைகளில் எழும்பும்போது தலை சுற்றலாம். கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புங்கள். வயிற்றோட்டம், சத்தி என்று உடம்பில் நீர் வற்றினால் அன்றைக்கு எனலாப்ரிலைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

முழங்கால் நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனாக், இபுபுரூபென் வாங்கிப் போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். உங்களுக்கு அது இப்போது வேண்டாம். நோவுக்குப் பனடோல் போதும்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை நான் எல்லாரிடமும் வற்புறுத்துவேன். ஒரு நிறுவைத் தராசு வாங்குங்கள், அல்லது பக்கத்து வீட்டில் இருந்தால் இரவல் எடுங்கள். தினமும் காலையில் கழிப்பறைக்குப் போய் வந்து, சாப்பிட முதல், ஏறி நின்று நிறையை எழுதுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பு இல்லை, தேங்குகிற நீர். கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே கிட்டடி வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரு குளிசையைக் கூட்டுவதாலோ நீர் போகிற மாத்திரை ஒன்றைச் சேர்ப்பதாலோ அடங்கிவிடக்கூடிய பிரச்சினை அது.

பொறுக்கவே கூடாத சில இருக்கின்றன. இருந்த இடத்திலேயே மூச்சு எடுக்க முடியாமல் போவது, நெஞ்சை அமத்துகிற நோ, மயங்கி விழுவது, இதயம் தாறுமாறாக அடித்து நிற்காமல் இருப்பது. அப்புறம், ஒரு கால் மட்டும் வீங்கி நோகும்போது திடீரென்று மூச்சு முட்டுவது. அது இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனதாக இருக்கலாம். புற்றுநோய் இருப்பவர்களுக்கும் தமொக்சிபென் என்கிற ஹோர்மோன் தடுப்புக் குளிசை எடுப்பவர்களுக்கும் அந்த ஆபத்துக் கூட. இவற்றில் எது வந்தாலும் ஆட்டோ தேடிக்கொண்டு நிற்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வந்தவர்களிடம் முதல் வசனமே "கான்சருக்கு ஹெர்செப்டின் ஏற்றினது, எக்கோ 47" என்று இருக்கட்டும்.

எல்லாக் களைப்பும் இதயத்தால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கீமோவுக்குப் பிறகு இரத்தம் குறைந்தாலும் களைக்கும். ஹீமோகுளோபின் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் நான் கறாராக இருப்பது உப்பில் மட்டும்தான். நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது ஐந்து கிராம், எல்லாம் சேர்த்து. கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் பொரித்த கருவாடும் மோர் மிளகாயும் ஊறுகாயும் வைத்தால் கணக்கு உதைக்கும். பக்கற் நூடில்ஸின் தூளும் அப்படித்தான். முல்லைத்தீவில் இருந்துகொண்டு கருவாட்டை விடு என்று சொல்வது கொடுமைதான், தெரியும். கடல் மீனோ முத்தையன்கட்டுக் குளத்து மீனோ பச்சையாக வாங்கிப் புளியும் மிளகும் தூக்கலாக விட்டுச் சமைத்தால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. படுத்தே இருக்கவும் வேண்டாம். காலை வெயில் ஏற முதல் அரை மணி நேரம், கதைத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடங்கள். கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் அது உங்களுக்கு அளவுக்கு மிஞ்சின வேகம். பிள்ளைகளோடு முன்பள்ளியில் இருப்பது உங்களுக்கு நல்லதுதான், களைப்புக் கூடாதவரைக்கும் போங்கள்.

செல் துண்டுக்கும் இந்த எண் குறைந்ததற்கும் சம்பந்தம் இல்லை. அது இதயத்துக்குள் இல்லை, தோளில் இருக்கிறது. உங்கள் முதல் எக்கோ எடுக்கும்போதும் அங்கேதான் இருந்தது, அப்போது 62. எக்கோ ஒலி அலையால் எடுப்பது, அதனால் துண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் யாராவது எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உள்ளே போக முதல் இதைச் சொல்லியே ஆக வேண்டும், அது பெரிய காந்தம். வன்னியிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் இதை நாங்கள்தான் கேட்க வேண்டும், கேட்காமல் விட்டால் நீங்களே சொல்லுங்கள்.

மருதம்பட்டை விஷயத்தில் மாமியோடு சண்டை வேண்டாம். குளக்கரை மருதமரத்துப் பட்டை இதயத்துக்கு என்று சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. அது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது நீங்கள் இரண்டு குளிசைகளில் இருக்கிறீர்கள். அதன் மேல் அளவு தெரியாத கஷாயத்தையும் குடித்தால், பிரஷர் இறங்குகிறதா, எதனால் இறங்கியது என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. எக்கோ ஏறினாலும் எதனால் ஏறியது என்று தெரியாது. இந்த ஒரு கட்டம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள், குடித்திருந்தால் குடித்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். இனிப்புக்காகக் கஷாயத்தில் அதிமதுரம் சேர்ப்பதுண்டு. அது அளவு மிஞ்சினால் பிரஷரைக் கூட்டும், உப்பையும் நீரையும் தேக்கும். அது கட்டாயம் வேண்டாம்.

வற்றாப்பளைக்குப் போங்கள். நேர்த்தியைக் கைவிட்ட கவலையோடு வீட்டில் இருப்பதைவிடப் போய்வருவது நல்லது என்பது என் அபிப்பிராயம். வைகாசி வெயிலில் நாள் முழுக்க உபவாசம் மட்டும் இருக்காதீர்கள். தண்ணீர் குடிக்காமல் எனலாப்ரில் போட்டுக்கொண்டு சனத்துக்குள் நின்றால் பிரஷர் விழுந்து மயங்குவீர்கள். பாலும் பழமும் எடுக்கலாம், குளிசையை நேரத்துக்குப் போடுங்கள், பாற்செம்பை வெயில் தணிந்த நேரத்தில், மகளையோ தங்கச்சியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். முள்ளியவளையிலிருந்து முழுவதும் நடக்காமல் கடைசிக் கொஞ்சத் தூரம் நடந்தாலும் அம்மன் கோபிக்க மாட்டா. அந்தக் கிழமையில் இரவில் மூச்சு முட்டினாலோ நிறை கூடினாலோ உங்களுக்காக வேறு யாராவது எடுக்கட்டும்.

ஹெர்செப்டின் முழுதாக முடிந்த பிறகும் இரண்டு வருடத்துக்காவது ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எக்கோ பார்ப்பது நல்லது. சிவப்பு மருந்தின் பாதிப்பு சிலருக்குப் பல வருடம் கழித்தும் தலைகாட்டும். அதனால் பத்து வருடம் கழித்து ஹேர்னியாவுக்குச் சத்திரசிகிச்சை என்றாலும் டொக்சோரூபிசின் நாலு தரம், ஹெர்செப்டின் இத்தனை தரம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கிளினிக் கொப்பியின் பக்கங்களையும் இரண்டு எக்கோ ரிப்போர்ட்டையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாரியிலும் வெள்ளத்தில் நனைந்து மை கரைந்த கொப்பியோடு யாராவது என்னிடம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.